நெல்லி டீனுக்குப் பாட்டில்லை

எமிலி பிராண்ட்டே 1847-இல் ஆண்பெயரா பெண்பெயரா என்று தெரியாத ஒரு புனைபெயரில் வெளியிட்ட நாவல் 'வுதரிங் ஹைட்ஸ்'. அதே தலைப்பில் 1978-இல் வந்தது கேட் புஷ்ஷின் ராக் பாட்டு. எழுதும்போது அவருக்கு வயது 18.

நாவலில் கேத்தியின் ஆவி ஜன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சுவதை லாக்வுட் என்ற ஆண் சொல்லித்தான் கேட்கிறோம். பயத்தில் அவன் அந்த மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் ரத்தம் வரத் தேய்க்கிறான். கேட் புஷ் அவனை நீக்கிவிட்டார், ஆவியே பாடுகிறது. கீச்சிடும் அந்த உச்சக்குரலைப் பலர் கேலி செய்தார்கள். குளிரில் நிற்பவள் இனிமையாகக் கெஞ்ச வேண்டுமா என்ன?

ஆனால் லாக்வுட்டோடு நெல்லி டீனும் காணாமல் போய்விட்டாள். கதையின் பெரும்பகுதியைச் சொல்பவளே அந்த வேலைக்காரிதான். அந்த வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள், நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்தவள். நாலரை நிமிடத்தில் காதலைப் பாடவே நேரம் சரியாகிவிடுகிறது என்பது உண்மைதான். இருந்தாலும், மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அவள் இல்லாதது உறுத்துகிறது.

எங்கள் கரையைப் பற்றியது அல்ல, தூத்துக்குடி அளங்களைப் பற்றியதுதான் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. உப்பும் வெயிலும் ஒன்றுதானே. அது நெல்லிகளின் நாவல். அதை ஒரு ராக் குழு எடுத்தால், கேட் புஷ்ஷிடமிருந்து அந்தக் கூச்சமற்ற குரலை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். பொன்னாச்சியை யாருக்காகவும் ஏங்கவிட வேண்டாம். அவள் கூலியைக் கேட்டுப் பாடட்டும்.