ஹீட்டர் போனால் பம்ப்பையும் வாங்கு

டிஷ்வாஷர் விமர்சனம் என்றால் எத்தனை பேர் பாத்திரம் கொள்ளும், எத்தனை புரோகிராம், வைஃபை உண்டா என்று தொடங்குவது வழக்கம். அதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். போஷ், சீமென்ஸ் என்ற பெயர்களில் பிஎஸ்எச் நிறுவனம் விற்கும் இயந்திரங்கள் நன்றாகக் கழுவுகின்றன. சத்தம் குறைவு. ஈகோ புரோகிராமில் 9, 10 லிட்டர் தண்ணீரில் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பாத்திரங்களை முடித்துவிடுகின்றன. இதிலெல்லாம் எனக்கு மறுப்பே இல்லை. மறுப்பெல்லாம் வாரண்டி முடிந்த பிறகு தெரியவரும் ஒரு குணத்தின் மீதுதான். இவற்றின் இன்றைய மாடல்கள் பலவற்றில் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்பும் அதைச் சுடவைக்கும் ஹீட்டரும் ஒரே உடலாக வருகின்றன. இரண்டில் எது போனாலும் இரண்டையும் வாங்க வேண்டும். என்ன பழுது என்று கண்டுபிடிப்பது வீட்டிலேயே முடிகிற வேலை. அதைச் சரிசெய்யும் செலவைத்தான் இந்த வடிவமைப்பு வேண்டாத அளவுக்கு ஏற்றி வைத்திருக்கிறது.

சுழற்சி பம்ப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். ஜோசஃபின் காக்ரேன் 1886-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் தேய்க்கும் பிரஷ் கிடையாது. தண்ணீரின் வேகமே அழுக்கை அகற்றியது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். அடியில் உள்ள குழியில் சேரும் தண்ணீரை இந்தப் பம்ப் உறிஞ்சி, தெளிப்புக் கைகளுக்கு அழுத்தத்தோடு அனுப்புகிறது. தண்ணீர் பாத்திரங்களில் மோதி, வடிகட்டி வழியாக மீண்டும் குழிக்கே வருகிறது. கொஞ்சம் தண்ணீரே திரும்பத் திரும்ப வேலை செய்வதால்தான் 10 லிட்டரில் காரியம் நடக்கிறது. அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுவதற்கு இன்னொரு சிறிய பம்ப் தனியாக உண்டு. “பம்ப் போச்சு” என்று சொல்பவர்களில் பலர் இந்த இரண்டில் எது என்று யோசிப்பதில்லை. கழுவி முடிந்த பிறகும் அடியில் தண்ணீர் நின்றால் வடிகால் பம்ப்பைப் பார்க்க வேண்டும். தண்ணீர் போய்விட்டது, பாத்திரம் மட்டும் போட்டபடியே இருக்கிறது என்றால் சுழற்சிப் பக்கம் தேட வேண்டும்.

தேடுவதற்கு முதல் கருவி காது. புரோகிராம் தொடங்கியதும் மிச்சத் தண்ணீரைத் தள்ளும் வடிகால் பம்ப்பின் கரகரப்பு, அடுத்து வால்வு திறந்து தண்ணீர் நிரம்பும் சீறல், அதன்பின் கதவின் உட்புறத்தில் தண்ணீர் வீசியடிக்கும் சளசளப்பு என்று ஒலிகள் வரிசையாக வரும். முதல் இரண்டும் கேட்டு மூன்றாவது வராவிட்டால் சுழற்சி பம்ப்பைச் சந்தேகிக்கலாம். பழைய வகை மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால் இம்பெல்லர் சிக்கியிருக்கும், அல்லது கெபாசிட்டர் போயிருக்கும். சளசளப்பு வந்து நடுநடுவே குமிழி உடைவது போலக் கொடகொடத்தால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் விழுங்குகிறது. தண்ணீர் போதவில்லை, அல்லது கையால் தேய்க்கும் திரவ சோப்பை உள்ளே ஊற்றியதால் நுரை பொங்கியிருக்கிறது. ஒலி மேலும் கீழுமாக மாறினால் பதற வேண்டியதில்லை. பல இயந்திரங்கள் மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் தண்ணீரை மாற்றி மாற்றித்தான் விடுகின்றன. ஒலியில் ஒரு குறையும் இல்லை, பாத்திரத்தில் மட்டும் பருக்கை ஒட்டியிருக்கிறது என்றால் தெளிப்புக் கையின் துளைகளையும் வடிகட்டியையும் பார்ப்பதே முதல் வேலை. இந்த வடிகட்டலிலேயே பாதி ‘பம்ப் பழுதுகள்’ பைசா செலவின்றித் தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

அதிலும் தீராவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் குழிக்குள் இறங்கலாம். கீழ்க் கூடையை எடுத்து, வடிகட்டியைத் திருகிக் கழற்றி, மிச்சத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியும். உடைந்த கண்ணாடிச் சில்லு, பல்குத்தும் குச்சி, எலுமிச்சை விதை, புளியங்கொட்டை எல்லாம் வடிகட்டி சரியாகப் பூட்டாத நாளில் நழுவி வந்தவை. சில்லுக்குப் பயந்து கையுறை போட்டுக்கொள்வது நல்லது. அங்கேயும் ஒன்றும் இல்லை என்றால் இயந்திரத்தைப் பின்பக்கமாகச் சாய்த்து அடித்தகட்டைத் திறக்க வேண்டும். பிஎஸ்எச் பம்ப் அங்கே ரப்பர் பிடிப்பில் உட்கார்ந்திருக்கும். ஒயர் இணைப்புகளைக் கழற்றி, பிடிப்பை விடுவித்தால் கையோடு வந்துவிடும். இந்த இடத்தில் வடிவமைப்பாளரைப் பாராட்டத்தான் வேண்டும். பம்ப்பின் வாய்க்குள் விரலை விட்டு இம்பெல்லரைச் சுற்றினால் காந்தத்தின் பிடியில் நின்று நின்று நகரும். அது இயல்பு. அசையவே மறுத்தாலோ, உரசலோடு சுற்றினாலோ, தண்டு ஆடினாலோ பேரிங்கும் சீலும் சந்தேகத்துக்குரியவை. சீல் கசிந்தால் தண்ணீர் அடித்தட்டில் சேர்ந்து, மிதவையை உயர்த்தி, திரையில் இ-15 என்ற எண்ணை வரவழைக்கும். அந்த எண் தட்டில் தண்ணீர் நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எங்கிருந்து வந்தது என்று நாம்தான் தேட வேண்டும்.

என் வாதத்துக்கு வலுவான சாட்சி இ-09. ஹீட்டர் சுற்றில் கோளாறு என்பது இதன் பொருள். ஹீட்டர் இழை அறுந்திருக்கலாம், ஒயர் இணைப்பு கருகியிருக்கலாம், சர்க்யூட் போர்டில் ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே போயிருக்கலாம். மின்சாரம் துண்டித்த நிலையில் சாதாரண மல்டிமீட்டரே இவற்றைப் பிரித்துக் காட்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் என்றால் மின்தடை சுமார் 26 ஓம் இருக்க வேண்டும். மீட்டர் முடிவிலி காட்டினால் இழை அறுந்திருக்கிறது. 26-க்கு அருகில் காட்டினால் ஹீட்டர் நலம். ஒயரையும் போர்டையும் பார்க்க வேண்டும். மோட்டாரின் மூன்று முனைகளுக்கு இடையே அளந்தால் மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும். தண்ணீர் சூடேறத் தொடங்கும் நேரத்தில் வீட்டின் இ.எல்.சி.பி. விழுந்தால் ஹீட்டரில் மின்கசிவு என்று ஊகிக்கலாம். அதை மல்டிமீட்டர் சில நேரம் காட்டாது, உயர் வோல்ட்டில் சோதிக்கும் மெகர் வேண்டும். இத்தனை நுட்பமாக அறுந்தது ஹீட்டர் இழைதான் என்று கண்டுபிடித்த பிறகு கிடைக்கும் பரிசு என்ன? நல்ல மோட்டார், நல்ல இம்பெல்லர், நல்ல பேரிங் அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டு முழு அலகையும் வாங்கச் சொல்கிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை இது. பழைய அமெரிக்க இயந்திரங்களில் ஹீட்டர் தொட்டியின் தரையில் வளையமாகக் கிடக்கும். நட்டைக் கழற்றி அதை மட்டும் மாற்றலாம்.

அந்த வளையத்தை மூடிவைக்கவே அதிகத் தண்ணீர் வேண்டுமே என்ற மறுப்பு நியாயமானது. ஹீட்டரைப் பம்ப்புக்குள் வைத்தால் ஓடும் தண்ணீர் ஓடியபடியே சூடாகிறது, இடம் மிச்சமாகிறது, கசியக்கூடிய இணைப்புகளும் குறைகின்றன. இதை மறுக்க முடியாது. ஆனால் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்கும் சேர்ந்தே சாக வேண்டும் என்பதற்கும் தொடர்பில்லை. ஹீட்டர் உள்ள உடலையும் மோட்டாரையும் திருகால் பிரியும்படி செய்து, இடையில் வரும் சீலைத் தனியாக விற்றால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகம் செலவாகாது. தமிழ்நாட்டின் போர்வெல் தண்ணீரில் இந்தக் குறை கூடுதலாக உறைக்கும். இயந்திரத்தில் உப்பு போடாமல் விட்டால் சுண்ணாம்பு படிவது முதலில் ஹீட்டர் பரப்பில்தான். முதலில் நோய் வரும் உறுப்பைத் தனியாக மாற்ற முடியாதபடி வைத்தால் அதை நல்ல வடிவமைப்பு என்று எப்படிச் சொல்வது?

தண்ணீரும் மின்சாரமும் கலந்த இயந்திரத்தில் வீட்டார் கைவைப்பது ஆபத்து என்பது அடுத்த மறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் ஏறக்குறைய இதே மனநிலையில்தான் இருக்கிறது. 2021 மார்ச் 1 முதல் அமலில் உள்ள 2019/2022 எண் ஒழுங்குவிதிப்படி கதவு ரப்பர், தெளிப்புக் கை, வடிகட்டி, கூடை ஆகியவற்றை 10 ஆண்டுகளுக்கு யார் கேட்டாலும் விற்க வேண்டும். மோட்டார், பம்ப், ஹீட்டர், சர்க்யூட் போர்டு ஆகியவற்றை 7 ஆண்டுகளுக்குத் தொழில்முறைப் பழுதுநீக்குவோருக்குக் கொடுத்தால் போதும். ஹீட்டரைத் தனியாகவும் தரலாம், சேர்த்தும் தரலாம் என்று அந்த விதியே இடம் விட்டிருக்கிறது. நிறுவனங்கள் சேர்த்தே தருகின்றன. ஆபத்து உண்மைதான். போர்டில் உள்ள கெபாசிட்டரில் மின்னேற்றம் சற்று நேரம் தங்கும், தகட்டு விளிம்பு கையைக் கிழிக்கும். மின் வேலையில் பழக்கமே இல்லாதவர் குழிக்கு அப்பால் போக வேண்டாம். ஆனால் பாகத்தைச் சேர்த்து விற்பதால் இந்த ஆபத்து துளியும் குறையவில்லை. யார் கழற்றலாம் என்பது பாதுகாப்புக் கேள்வி. எதை விற்கலாம் என்பது வியாபார முடிவு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்துவதை ஏற்க முடியாது.

ஃபோன் செய்தால் சர்வீஸ் ஆள் வந்து பார்ப்பாரே, இதெல்லாம் எதற்கு என்பவர்களும் உண்டு. வருவார். அவர் கையில் இருப்பதும் அதே முழு அலகுதான். மீட்டர் வைக்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பம்ப்பை மாற்றினால், ரிலே போன இயந்திரத்தில் பணமும் போய்ப் பழுதும் அப்படியே இருக்கும். “ஹீட்டர் எத்தனை ஓம் காட்டுகிறது?” என்று கேட்கத் தெரிந்த வீட்டில் அது நடக்காது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. தகவல் கொடுப்பதற்கு அது உதவும். பாகத்தைப் பிரித்து விற்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆகவே இப்போதைக்குப் பொறுப்பு வாங்குபவர் மீதுதான். கழுவும் திறனுக்கு இந்த இயந்திரங்களுக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம், பழுதுநீக்கத்துக்குப் பாதிதான் தர முடியும். கடையில் புரோகிராம்களின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன், ஹீட்டர் தனியாகக் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் பம்ப் அலகின் இன்றைய விலை என்ன என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தொகை புது இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பக்கத்து பிராண்டைப் பாருங்கள்.