இடைச்சித்திரம் வரைந்த கைகள்

ஆரணிப் பட்டைப் புகழ்வோர் முந்தானையின் வேலைப்பாட்டைப் புகழ்வர்; பாவு ஓட்டியவரையும் தார் சுற்றியவரையும் நினைப்போர் அரியர். சித்திரப் படங்களைப் பற்றிய நம் விமர்சனங்களும் இவ்வாறே இயக்குநரின் பெயரோடு நின்றுவிடுகின்றன. 1992-இல் ஜப்பானியரும் இந்தியரும் இணைந்து உருவாக்கிய இராமாயணச் சித்திரப் படம் 2025 ஜனவரியில் தமிழிலும் திரையிடப்பட்டது. அதனை இயக்கிய யுகோ சாகோ, ராம் மோகன் முதலியோர் போற்றுதற்குரியவர்களே. ஆயினும் சுமார் ஒரு லட்சம் சித்திரங்களை அவர்கள் கைகள் மட்டுமா வரைந்தன?

ஜப்பானியச் சித்திரக் கூடங்களின் வேலைமுறை தறியை அறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். முதலில் கதையைக் காட்சி காட்சியாக வரைந்து திட்டமிடுவர். நெசவுக்கு முன் கட்டத்தாளில் மாதிரி வரைவதைப் போன்றது அது. பின்னர் மூத்த ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார்: வில்லை எடுத்த கை ஒன்று, நாணை இழுத்து முடித்த கை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே வரும் நிலைகளை ஒவ்வொன்றாக வரைந்து நிரப்புபவரே இடைச்சித்திர ஓவியர். அக்காலத்தில் அக்கோடுகளை ஒளிபுகும் தகட்டில் படியெடுத்து, தகட்டின் பின்புறம் வண்ணம் தீட்டி, பின்னணிச் சித்திரத்தின் மீது வைத்துப் படம் பிடித்தனர். இன்று வண்ணமும் படப்பிடிப்பும் கணினிக்குச் சென்றுவிட்டன; கோடு பெரும்பாலும் கையின் வசமே இருக்கிறது.

திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். 1963 ஜனவரி 1 அன்று தொடங்கிய ‘அஸ்ட்ரோ பாய்’ வாரத் தொடரில் ஒசாமு தெசுகா ஒரே சித்திரத்தைப் பெரும்பாலும் மும்முறை பிடித்து, நொடிக்கு எட்டுச் சித்திரங்களில் காரியத்தை முடித்தார். இச்சிக்கனத்திலும் ஓர் அழகு பிறந்தது. அசையாது நிற்கும் முகமும் திடீரென எழும் வேகமும் ஜப்பானியப் பாணியாயின. அதில் குறை காண நாம் முற்படவில்லை. சிக்கனத்தின் சுமை யார் தோளில் இறங்கியது என்பதே நம் கேள்வி. சேலைக்கு இவ்வளவு என்பது போல, இடைச்சித்திர ஓவியர்க்குப் பல கூடங்களில் இன்றும் தாளுக்கு இவ்வளவு என்றே கூலி. அவ்வருவாயில் வாழ இயலாமல் இளையோர் விலகுகின்றனர்.

மாற்று வழியும் உண்டு. அக்கம்பக்கத்து இல்லத்தரசிகள் வண்ணம் தீட்டியதில் 1981-இல் தொடங்கிய கியோட்டோ அனிமேஷன், பிற்காலத்தில் தன் ஓவியர்க்கு மாதச் சம்பளமும் பயிற்சியும் அளித்தது. அதன் படங்களில் ஒரு விரலின் அசைவிலும் தென்படும் நிதானம் இந்த ஏற்பாட்டின் பயனே என்று நாம் கருதுகிறோம். நாளைய அரிசிக்குப் பதைக்கும் கை நுட்பமான கோட்டை நெடுநாள் இழுக்க முடியாது.

ஆதலின், கோட்டின் அழகைப் பேசும் விமர்சகர் அக்கோட்டுக்குக் கிடைத்த கூலியையும் பேசுதல் வேண்டும். அது கலைக்குப் புறம்பான கேள்வி என்பாரும் உளர். ஆரணியில் தறியைக் கைவிட்டு வேறு பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்களை அறிந்தோர் அவ்வாறு கூறமாட்டார். தறி நின்ற வீட்டில் வேலைப்பாடும் அன்றே நின்றுவிடுகிறது.