இறந்த பின்னும் பேசும் ஹன்னா

நெட்ஃபிலிக்ஸ் 2017 மார்ச் இறுதியில் வெளியிட்ட ‘தெர்ட்டீன் ரீசன்ஸ் வை’ தொடரை இன்றும் கைப்பேசியில் தேடிப் பார்க்கும் மாணவர்கள் உண்டு. கதை இதுதான்: ஹன்னா என்ற பள்ளி மாணவி உயிரை மாய்த்துக்கொள்கிறாள். தன்னைப் புண்படுத்தியவர்கள் யார் யார் என்று ஒலிநாடாக்களில் பேசி வைத்துவிட்டுப் போகிறாள். அந்த நாடாக்கள் ஒவ்வொருவர் கையாகச் சுற்றி வருகின்றன.

கேலி, வதந்தி, பாலியல் வன்முறை ஆகியவற்றைத் துணிந்து பேசியதில் குறை சொல்ல முடியாது. நடிப்பும் நன்று. கோளாறு கதைப்பின்னலில் இருக்கிறது. உயிரோடு இருந்தவரை ஹன்னாவின் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. போன பிறகு 13 அங்கங்களிலும் அவள் குரல்தான். தப்பு செஞ்சவங்க எல்லாரும் நடுங்குறாங்க, அழுறாங்க. ஆக, வாழ்க்கை கொடுக்காததைச் சாவு வாங்கிக் கொடுத்துவிடுகிறது! செத்தவர் எதையும் கேட்கப்போவதில்லை, பார்க்கப்போவதில்லை என்பதைத் தொடர் மறைத்துவிடுகிறது. இது கதைசொல்லும் உத்தி என்று நமக்குத் தெரியும். மனம் நொந்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு?

அவள் இறப்பையும் கேமரா விலகாமல் காட்டியது. ஜே ஆஷரின் 2007 நாவலில் அப்படியொரு காட்சியே கிடையாது. நெட்ஃபிலிக்ஸ் அதை வெட்டியது 2019 ஜூலையில்தான்.

அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வு, தொடருக்கு அடுத்த மாதம் 10 முதல் 17 வயதினரின் தற்கொலை விகிதம் 28.9 விழுக்காடு கூடியதாகச் சொன்னது. கட்டுரை எழுதும் மாணவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். டேனியல் ரோமர் அதே தரவை மறுபடி கணக்கிட்டு, பையன்களிடம் கண்ட உயர்வு தொடர் வருவதற்கு முந்தைய மாதமே இருந்தது என்று மறுத்தார். இரண்டாம் பருவம் பற்றிய இன்னோர் ஆய்வில், பாதியில் நிறுத்திய இளையரைவிட முழுதும் பார்த்தவர்களிடம் ஆபத்துக்கான அறிகுறிகள் குறைவாக இருந்தன. அதனால் ‘பார்க்காதே’ என்று அதட்டுவதைவிட, ‘ஏன்பா பாதியிலேயே விட்டுட்டே?’ என்று கேட்பது மேல். பதில் கவலை தந்தால் மலேசியாவில் பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். 1767.

ஆசிரியர்களை நேரே தொடும் இடம் கடைசி அங்கம். ஹன்னா பள்ளி ஆலோசகர் போர்ட்டரிடம் போகிறாள். எல்லாம் நின்றுபோனால் தேவலை என்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லிவிட்டு, உடனே சமாளிக்கிறாள். அவரும் அதோடு விட்டுவிடுகிறார். வெளியே வந்தவள், கதவு திறக்குமா என்று காத்து நிற்கிறாள். திறக்கவில்லை. ‘டீச்சர்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது’ என்று பார்ப்பவர் நினைக்கும்படி அமைந்த காட்சி இது. வகுப்பில் பேசுவதென்றால் நான் இதைத்தான் எடுப்பேன். கதவு திறந்து போர்ட்டர் வெளியே வருகிறார், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்; அங்கிருந்து உரையாடலை மாணவர்களே எழுதட்டும்.