யானையைத் தொட்டால் தண்ணீர் வரும்

எதிர் ஃப்ளாட் சிறுமி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை டாப்லெட்டும் கையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். 'தாத்தா, கதை படிக்கப் போறேன்!' அவள் அப்பா இறக்கிக் கொடுத்த ஆப். பெயர் வேண்டாம். இந்த ரகத்தில் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன.

முதல் பக்கத்தில் ஒரு யானை, ஒரு குளம், கீழே இரண்டு வரி. யானையைத் தொட்டால் தண்ணீர் பீய்ச்சுகிறது. தவளையைத் தொட்டால் குதிக்கிறது. சூரியனைத் தொட்டால் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொள்கிறது. பத்தே நிமிஷத்தில் கதை முடிந்து மூன்று நட்சத்திரம், கைதட்டல்.

'யானை எதுக்கும்மா குளத்துக்கு வந்துச்சு?'

'தெரியாது தாத்தா. தொட்டா தண்ணி அடிக்கும், பாக்கறீங்களா?'

அந்த மூன்று நட்சத்திரம் எதற்கு என்று எனக்குக் கடைசி வரை புரியவில்லை.

'இன்டர்ஆக்டிவ்' என்பதுதான் இந்த வியாபாரத்தில் மந்திரச்சொல். குழந்தை சும்மா பார்க்காமல் கையால் ஏதாவது செய்தால் நன்றாகக் கற்றுக்கொள்ளும் என்பது கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தின் ஆட்ரியானா புஸ்ஸும் சகாக்களும் 2015-ல் ஒரு காரியம் செய்தார்கள். மின்கதைப் புத்தகங்கள் பற்றி அதுவரை வந்த 43 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசினார்கள். கதையோடு ஒட்டிய அசையும் படம், இசை, ஒலி எல்லாம் குழந்தைக்குக் கதை புரியவும், சொல்வளம் பெருகவும் உதவுகின்றன. சரி. ஆனால் தொட்டால் குதிக்கும் தவளைகள், நடுவில் வரும் விளையாட்டுகள்? அவற்றால் பிரயோஜனம் தெரியவில்லை. அதிலும் வீட்டில் படிப்புச் சூழல் இல்லாத குழந்தைகளுக்கு அவை கெடுதலே செய்கின்றன. யாருக்காக இதெல்லாம் என்று சொல்லி விற்கிறார்களோ, அவர்களுக்கே!

காரணம் எளிது. கதை ஒரு பக்கம் இழுக்கிறது, தவளை ஒரு பக்கம் இழுக்கிறது. ஏழு வயது மனசு எத்தனை தடவைதான் போய்த் திரும்பும்?

அதற்காக டாப்லெட்டைப் பரண்மேல் போட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. தான்சானியாவில் 170 கிராமங்களில், ஏறக்குறைய 3,000 குழந்தைகளிடம் டாப்லெட் கொடுத்து 15 மாதம் விட்டுப் பார்த்தார்கள். 'குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ்' என்ற போட்டி. முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடமே போகாதவர்கள். ஆரம்பத்தில் 90 சதவிகிதத்துக்கும் மேல் ஸ்வாஹிலியில் ஒரு வார்த்தை படிக்கத் தெரியாது. முடிவில் அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. 2019-ல் ஒரு கோடி டாலர் பரிசை 'கிட்கிட் ஸ்கூல்', 'ஒன்பில்லியன்' என்ற இரண்டு குழுக்கள் பங்கு போட்டுக்கொண்டன. ஒலி, எழுத்து, சொல், வாக்கியம் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும் பாடங்கள். நூறு தடவை தப்பாகச் சொன்னாலும் இயந்திரம் அலுத்துக்கொள்ளாது, பெஞ்ச் மேல் ஏற்றாது. வாத்தியார் எட்டாத ஊரில் அது பெரிய காரியம். மறுக்க முடியாது.

ஆனால் மிச்சப் பாதி? அவர்களுக்கு 15 மாதமும் போதவில்லை. இத்தனைக்கும் ஸ்வாஹிலியில் எழுத்தும் ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று. நம் ஆளைப் பாருங்கள். கடல், அகல், பங்கு மூன்றிலும் ஒரே 'க'தான், சத்தம் மூன்று. போதாததற்கு நாம் பேசுவது ஒன்று, எழுதுவது இன்னொன்று. ஆங்கிலத்துக்குச் செய்த ஆப்பில் எழுத்தை மட்டும் மாற்றித் தமிழ் என்று விற்பவர்கள் இதையெல்லாம் யோசித்த மாதிரி தெரியவில்லை.

எனவே பெற்றோர்களே, ஆப் வாங்குமுன் நீங்களே ஒரு கதையைத் தொட்டுப் பாருங்கள். அசைவது கதைக்காக அசைகிறதா, சும்மா அசைகிறதா? படிக்காமலே நட்சத்திரம் வாங்க முடிகிறதா? முடிந்தால் உங்கள் பிள்ளை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும். கடைசியாக, ஏன், எதற்கு என்று எங்காவது கேட்கிறதா? கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அதற்கு சார்ஜ் போட வேண்டாம்.

இந்த வாரம் அதே சிறுமி வேறு ஆப்போடு வந்தாள். இது காது உள்ள ஜாதி. சத்தமாகப் படித்தால் மைக்கில் கேட்டு மார்க் போடும். திரையில் 'யானை குளத்திற்குச் சென்றது' என்று இருந்தது. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுத்தாள். பிறகு நிமிர்ந்து உரக்கச் சொன்னாள்:

'யானை குளத்துக்குப் போச்சு!'

சிவப்பில் பெருக்கல் குறி. நட்சத்திரம் இல்லை. அவள் முகம் தொங்கிவிட்டது.

ஒரு நல்ல டீச்சர் இருந்தால் முதலில் தட்டிக்கொடுத்திருப்பார். அப்புறம், 'புக்ல எப்படி எழுதியிருக்கு, இன்னொரு தடவை பாரு' என்றிருப்பார். எழுத்தைப் படித்து, அர்த்தத்தைப் பிடித்து, தன் பாஷையில் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். போன ஞாயிறு மூன்று நட்சத்திரம் வாங்கியபோது இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

'எதுக்குப் போச்சாம்?' என்றேன்.

'தாகம் தாத்தா. அடுத்த பக்கத்துல இருக்கும், இருங்க.'