அக்கிரோப்பொலிசும் அதன் அயலில் எழுந்த நூதனசாலையும்

பழம்பெருஞ் சின்னமொன்றின் அயலிலே புதுக் கட்டடம் எழுப்புவோர் இருவகை இடர்ப்பாட்டிற்கு உள்ளாவர். பழையதன் உருவைப் பார்த்துச் செய்யின் அது போலியாகும். அதனைப் பொருட்படுத்தாது தன்னெழிலையே காட்டின் அது செருக்காகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியொன்று உண்டோவென ஆராய்வார்க்கு அதென்சு நகரத்து அக்கிரோப்பொலிசு நூதனசாலை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பழைய நூதனசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலே குன்றின் உச்சியிற் கட்டப்பட்டது. கோயில்களின் தோற்றத்தை மறைக்கலாகாதென அதனைத் தாழ்வான இடத்தில் அடக்கமாக அமைத்தனர். அவ்வடக்கம் போற்றத்தக்கதே, ஆயின் பெருகிவந்த சிற்பங்களுக்கு ஆங்கு இடம் போதவில்லை. புதிய கட்டடத்திற்கென 1976, 1979, 1989 ஆகிய ஆண்டுகளில் நடந்த போட்டிகள் பயன்படாதொழிந்தன. அடுத்த போட்டியில் தெரிவுபெற்ற பேணார்ட் சூமி, கிரேக்கராகிய மைக்கேல் போட்டியாடிசுடன் இணைந்து அமைத்த கட்டடம் 2009ஆம் ஆண்டு யூன் 20ஆந் திகதி திறக்கப்பட்டது. அது பார்த்தினன் கோயிலிலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர் தொலைவில், குன்றின் அடிவாரத்தில் நிற்கின்றது.

அந்நிலத்தை அகழ்ந்தபோது பண்டை நகரின் வீதிகளும் வீடுகளும் குளிப்பறைகளும் வெளிப்பட்டன. அவற்றை மண்ணிட்டு மூடாது, இடிபாடுகளுக்கு ஊறு நேராவண்ணம் இடந்தேர்ந்து நிறுத்திய கொங்கிறீற்றுத் தூண்களின்மேற் கட்டடத்தைத் தாங்கினார் சூமி. உள்ளே செல்வோர் கண்ணாடித் தளத்தினூடே தம் காலடியில் அப்பழைய நகரைக் காண்பர். 2019 முதல் அதனிடையே நடந்து செல்லவும் வழியுண்டு.

மேன்மாடமே இக்கட்டடத்தின் உயிர்நிலை. அது கீழ்த்தளங்களினின்றும் சற்றே திரும்பிப் பார்த்தினனின் திசைக்கு ஒப்ப அமைந்துள்ளது. 160 மீற்றர் நீளமான சிற்பப்பட்டிகை கோயிலில் இருந்த வரிசையிலேயே சுற்றிவர நிற்க, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அக்கோயிலே காட்சி தருகின்றது. 1801இல் எல்கின் பிரபுவின் ஆட்கள் கழற்றத் தொடங்கி, 1816இல் பிரித்தானியப் பாராளுமன்றம் விலைகொடுத்து வாங்கி, இன்று இலண்டனில் உள்ள பகுதிகளின் இடத்தில் வெண்சாந்துப் படிகள் வைக்கப்பட்டுள்ளன. பழுப்பேறிய மூலக்கற்களின் நடுவே அவ்வெண்மை பிரிவினைப் புலப்படுத்துகின்றது. இது காட்சிச்சாலையன்று, வழக்குரை என்பாருமுளர். ஒரு சிற்பத்தொடரை முழுமையாகக் காட்ட முயல்பவன் அதன் குறையையும் காட்டியே தீரவேண்டும். ஆதலின் அக்கூற்றுப் பொருந்துவதன்று.

எனினும் இக்கட்டடம் குற்றமற்றதன்று. சிறு வீடுகள் சூழ்ந்த தெருவில் அதன் பருமை அயலை அழுத்துகின்றது. அதனினும் பெரிய குற்றம் அதன்பொருட்டு நேரவிருந்தது. நூதனசாலையிலிருந்து குன்றை நோக்கும் பார்வையை மறைக்கின்றனவென்று, முன்னாலுள்ள தெருவின் இரு பழைய வீடுகளை அகற்ற 2007இல் முயற்சி நடந்தது. இரண்டும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், கடும் எதிர்ப்பெழுந்தது, அவை இன்றும் நிலைத்துள்ளன. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முற்பட்டதைப் பேணுவோர் அண்மைக்காலத்ததை அழிக்கலாமென எண்ணின், அவர் பேணுவது வரலாற்றையன்று. தாம் விரும்பிய காட்சியொன்றையே.

ஆகவே இந்நூதனசாலை உள்ளே பெற்ற வெற்றியை வெளியே முற்றாகப் பெறவில்லை என்பதே எம் துணிபு. ஆயினும் அதன் மேன்மாடத்தில் நின்றவன் கட்டடத்தை மறந்து குன்றையே நோக்குவான். பழஞ்சின்னத்தின் அயலிற் கட்டுவோர் பெறத்தக்க பேறு அதுவே.