மிருகத்தை விடுங்கள், மையைப் பாருங்கள்

லண்டனில் இருக்கும் நம்மவர்கள்மீது எனக்குத் தீராத எரிச்சல். நகைக்கடையில் ஒரு வளையலை அரை நாள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நியூ பாண்ட் தெரு சதபீஸ் ஏல நிறுவனத்தில் ஏலத்துக்கு முன் மாட்டிவைக்கும் படங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம் என்றால் மட்டும், "அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்று நழுவிவிடுவார்கள்.

அப்படி நழுவாதவர்களுக்கு, பாப் ஆர்ட் மிருக அச்சுகளை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன். முதலில் அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். விளம்பரம், காமிக்ஸ், சூப் டப்பா என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஓவியத்துக்குள் இழுத்துவந்தது பாப் ஆர்ட். அதற்கு வாய்த்த கருவி ஸ்கிரீன் பிரிண்டிங். ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்களே, அதேதான்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, மேலே மை, ரப்பர் பட்டையால் ஒரு இழுப்பு, நிறத்துக்கொரு ஸ்கிரீன். லண்டனில் கெல்ப்ரா ஸ்டுடியோவின் கிறிஸ் பிரேட்டர் இதைக் கலையாக்கினார். 1964-இல் ஐ.சி.ஏ. என்ற தற்காலக் கலை அமைப்புக்காக 24 கலைஞர்களின் படங்கள் அங்கே அச்சாயின. படத்தின் அடியில் பென்சிலில் 23/150 என்றிருந்தால், 150 பிரதிகளில் அது 23-ஆவது. ஒன்றாம் எண்தான் உசத்தி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எண் போடுவது பெரும்பாலும் அச்சடித்த வரிசையில் அல்ல.

மிருகங்களுக்கு வருவோம். 1983-இல் பாப் ஆர்ட் கலைஞர் ஆண்டி வார்ஹோல் அழிந்துவரும் உயிரினங்கள் பத்தை அச்சிட்டார், பதிப்பு 150. எல்லோரும் பாண்டா, புலி என்றே கேட்கிறார்கள். என் வாக்கு மரத்தவளைக்கு. அதில் புகைப்படத்தின்மேல் ஓடும் வண்ணக் கோடுகளைப் பாருங்கள். உருவத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் நழுவுகின்றன. அந்த நழுவலில்தான் தவளைக்கு உயிர்.

இனி முக்கியமான விஷயம், அசலா நகலா என்று காட்டிக்கொடுக்கும் புள்ளிகள். நகை ஆசாரி கண்ணில் இடுக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். சிவகாசி காலண்டரில் லெட்சுமியின் கன்னத்தை அதில் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகள் குட்டிக் குட்டிப் பூக்களாகக் கூடி நிற்கும். அது ஆஃப்செட், காலண்டரும் போஸ்டரும் அடிக்கும் முறை. வார்ஹோல் படத்திலும் புள்ளி உண்டு, அரைகுறைகள் அதைக் கண்டதும் "போலி!" என்று கத்துவார்கள். பதறாதீர்கள். அங்கே புகைப்படத்திலிருந்து வந்த புள்ளி ஒரே நிறம், கெட்டி மை. படத்தை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் மையின் விளிம்பு தாளுக்குமேல் மெல்லிய மேடாக நிற்கும், ஒரு நிறம் இன்னொன்றின்மேல் ஏறிய இடத்தில் படி தெரியும். இங்க்ஜெட்டில் பொடி தூவினாற்போல நுண்துளிகள்தான். விளிம்பும் கிடையாது, படியும் கிடையாது. 'ஜிக்ளே' என்று பிரெஞ்சுப் பெயர் வைத்து ஆயிரம் பவுன் கேட்பது பெரும்பாலும் இந்த இங்க்ஜெட்டைத்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் இதெல்லாம் மங்கிவிடும், சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

கடைகளில் தொங்கும் மிருகப் படங்களைப் பாருங்கள்: கறுப்புக் கண்ணாடி போட்ட ஒட்டகச்சிவிங்கி, பபிள்கம் ஊதும் கொரில்லா! இவை படமல்ல, சோபாவுக்குத் துணி. "முதலீடு" என்று விற்கிறவரிடம் வாங்கிய விலைக்கே திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். தெருச்சுவர் ஓவியர் பாங்க்ஸியையும் இப்படி விலை, அர்த்தம் என்று பேசியே பாழாக்குகிறார்கள். 2024 ஆகஸ்டில் அவர் லண்டன் சுவர்களில் ஆடு, யானை, குரங்கு என்று வரைந்தபோது, பெக்கம் பகுதியில் சாட்டிலைட் டிஷ்ஷில் இருந்த ஓநாயை அன்றே கழற்றிக்கொண்டு ஓடினார்கள். விமர்சகர்களோ ஆட்டுக்கு அரசியல் உரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் அச்சிட்ட எலியையோ குரங்கையோ வாங்குவதானால் அசல் என்று உறுதிசெய்ய அவர் தரப்பே வைத்திருக்கும் பெஸ்ட் கண்ட்ரோல் அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் தொடாதீர்கள்.

அசல் அச்சாகவே இருந்தாலும் விலையைக் குறைப்பவை இவை: வெட்டப்பட்ட ஓரம், வெயிலில் வெளுத்த நிறம், பழைய சட்ட அட்டையின் அமிலம் தாளில் விட்ட பழுப்புக் கறை.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். பிக்காடிலியில் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சிக்குப் போங்கள், சில நூறு பவுனுக்கே நல்ல அச்சுகள் இருக்கும். விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். கூட்டம் பொட்டை எண்ணிக்கொண்டு ஒரே நாய்க்குட்டிமுன் நிற்கும். நீங்கள் பொட்டே விழாத காக்கையைத் தேடி, சாய்வாக நின்று மையைப் பாருங்கள். மை நன்றாக இருந்தால் வாங்கிவிடுங்கள். என்னிடம் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று நினைத்தால் நானே வாங்கிவிடுவேன்.