ஒரு கிராம் எடை

ரேஸ் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் பட்டறையில் எல்லோர் கண்ணும் டர்போ மீதுதான். எனக்குப் பிடித்தது மூலையில் கிடக்கும் சின்னத் தராசு. நான்கு பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக எடை போட்டு, இருப்பதிலேயே லேசானதைத் தனியே எடுத்து வைப்பார் மெக்கானிக். மற்ற மூன்றும் அதன் எடைக்கு இறங்கி வர வேண்டும். உட்புறத்தில், பலம் குறையாத இடம் பார்த்து அலுமினியத்தை மெல்ல இழைப்பார், தூசியை ஊதுவார், மறுபடி தராசில் வைப்பார். கனெக்டிங் ராடுக்கு இன்னும் பொறுமை வேண்டும். அதன் பெரிய முனையையும் சிறிய முனையையும் தனித்தனியாக எடை பார்த்துச் சமன் செய்ய வேண்டும்.

பிறகு கிராங்க் ஷாஃப்ட் பேலன்சிங் மெஷினில் ஏறும். பெல்ட் இழுக்க, எண்ணெய் மினுங்கும் உருக்கு சுழன்று சீரான ரீங்காரம் எழுப்பும். எந்தப் பக்கம் கனம், எத்தனை கிராம் என்று திரை சொல்லிவிடும். எங்கே, எவ்வளவு ஆழம் துளைப்பது என்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். அதிகம் தோண்டிவிட்டால் டங்ஸ்டன் துண்டு வைத்து அடைக்க வேண்டிவரும். செலவு பிடித்த வேலை. அதனால் கொஞ்சம் துளைத்து, சுற்றிப் பார்த்து, மறுபடி கொஞ்சம். நல்ல உருக்கு என்றால் டிரில் முனையிலிருந்து சுருள் சுருளாக, சூட்டில் நீலம் பாய்ந்து கழன்று வரும். அத்தனை அழகு!

மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி 1 கிராம் மிகையாக இருந்தால் போதும், 8,000 ஆர்.பி.எம்.மில் அது சுமார் மூன்றரை கிலோ பாரமாகப் பேரிங்கை இழுக்கும்.